வீடு உங்களுடையது, வாசல் ஊருடையது! சிங்கப்பூரின் கலர் கலர் 'கடைவீடுகள்' உருவானது எப்படி?

சிங்கப்பூர் டூர் போய் வந்தவர்களின் போன் கேலரியில் மூன்று படங்கள் கட்டாயம் இருக்கும். வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் மெர்லயன், தலையில் கப்பலைச் சுமந்து நிற்கும் மரீனா பே சாண்ட்ஸ், அப்புறம் ரோஸ், பச்சை, நீலம் என்று ஒட்டி ஒட்டி நிற்கும் சின்னச் சின்ன மாடி வீடுகள். முதல் இரண்டைப் பற்றி கைடு விலாவாரியாகச் சொல்வார். மூன்றாவது, செல்ஃபிக்குப் பின்னணி என்பதோடு முடிந்துவிடும்.

ஆனால் அந்த நகரத்தின் நிஜக் கதை அந்த வரிசை வீடுகளில்தான் இருக்கிறது. கீழே கடை, மேலே குடித்தனம் என்பதால் அங்குள்ள தமிழர்கள் இதை 'கடைவீடு' என்கிறார்கள். கீழ்த்தளத்தில் கடை இல்லாமல் முழுக்கக் குடியிருப்பாகவே கட்டப்பட்டவையும் உண்டு. ஜூ சியாட் பகுதியில், கூன் செங் ரோட்டில், எல்லாரும் போட்டோ எடுக்கும் வீடுகள் அந்த ரகம். பயன்பாடு வேறு, எலும்புக்கூடு ஒன்றுதான்.

இன்று சிங்கப்பூரில் 7,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சட்டப்படி பாதுகாக்கப்படுகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்தக் கடைவீடுகள். வானுயரக் கட்டடங்களுக்குப் பெயர்போன, ஒவ்வொரு சதுர அடிக்கும் பணம் எண்ணுகிற ஊரில் இரண்டு மாடி ஓட்டு வீடுகள் எப்படித் தப்பின? தப்பியது சரி, அதில் குடியிருந்தவர்கள் எங்கே?

ஏன் இவ்வளவு குறுகல்?

ஒரு கடைவீட்டின் எதிரில் நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதன் அகலம். பெரும்பாலும் 16 அடியிலிருந்து 20 அடிக்குள்தான். ஆனால் உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும். அகலத்தைப் போல மூன்று, நான்கு மடங்கு நீளம் சாதாரணம். நம்ம ஊர் அக்ரஹாரத்திலோ பழைய கடைவீதியிலோ ரயில் பெட்டி மாதிரி நீளும் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

தெருவை ஒட்டிய இடம் விலை அதிகம், அதனால் முன்பக்கம் குறுகல் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் மரம். பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பொதுச்சுவர். மாடித் தளத்தைத் தாங்கும் உத்தரங்கள் இந்தப் பொதுச்சுவரிலிருந்து அந்தப் பொதுச்சுவருக்குப் போகும். கூரையின் மரங்களும் அப்படியே. ஒரே துண்டாகக் கிடைக்கும் மரம் எவ்வளவு தூரம் வளையாமல் பாரம் தாங்குமோ, வீடு அவ்வளவுதான் அகலம்.

இதில் ஒரு சுவாரஸ்யமான பலன் இருக்கிறது. பாரம் முழுவதையும் பக்கச் சுவர்கள் சுமப்பதால், தெருவைப் பார்த்த முன்சுவர் அதிகம் எதையும் சுமக்க வேண்டியதில்லை. அதனால் அதில் எத்தனை ஜன்னல் வேண்டுமானாலும் வைக்கலாம், எவ்வளவு வேலைப்பாடும் செய்யலாம். மாடியில் தரையிலிருந்து தொடங்கும் உயரமான ஜன்னல்களை இந்த வீடுகளில் பார்ப்பது இதனால்தான்.

அந்தப் பொதுச்சுவர் பல வீடுகளில் கூரைக்கும் மேலே கொஞ்சம் எழும்பி நிற்கும். அழகுக்காக இல்லை. மரமும் பாயும் நிறைந்த வரிசையில் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த கூரைக்குத் தாவாமல் தடுக்க.

1822-ல் வந்த ஒரு உத்தரவு

சிங்கப்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத் தளத்தை 1819-ல் நிறுவியவர் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ். ஊர் இஷ்டத்துக்கு வளர்வதைப் பார்த்துவிட்டு, 1822 நவம்பரில் நகரக் குழு ஒன்றை அமைத்து எழுத்தில் உத்தரவு கொடுத்தார். அத்தாப்பு ஓலை வேய்ந்த மர வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல் சுவர், ஓட்டுக் கூரை. வரிசையில் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி முகப்பு. இதுவரை எந்த ஊர் அதிகாரியும் சொல்லக்கூடியதுதான்.

அடுத்ததுதான் முக்கியம். ஒவ்வொரு வீட்டின் முன்பகுதியிலும் குறிப்பிட்ட ஆழத்துக்குத் தாழ்வாரம் விட வேண்டும். அது எப்போதும் திறந்திருக்க வேண்டும். தெரு முழுக்க, கூரையுள்ள ஒரே நடைபாதையாக அது தொடர வேண்டும்.

அதாவது இடம் வீட்டுக்காரருடையது, மேலே இருக்கும் மாடியும் அவருடையது. ஆனால் கீழே நடக்கும் உரிமை தெருவில் போகிற யாருக்கும் உண்டு. மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாத, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடைப்பது கஷ்டம். வெயில் கொளுத்தினாலும் மழை கொட்டினாலும் கடை கடையாக நனையாமல் போகலாம்.

இந்தத் தாழ்வாரம் சுமார் ஐந்தடி அகலம் என்பதால் மலாய்க்காரர்கள் 'காக்கி லீமா' என்றார்கள். காக்கி என்றால் கால், அடி. லீமா என்றால் ஐந்து. அங்குள்ள தமிழர்களுக்கு அது 'அஞ்சடி'. நடைமுறையில் சில இடங்களில் ஐந்தடிக்குக் குறைவாகவும், பல இடங்களில் கூடுதலாகவும் இருக்கும். பேரு மட்டும் அஞ்சடிதான்.

ராஃபிள்ஸுக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது? அவர் 1811 முதல் 1816 வரை ஜாவாவை நிர்வகித்தவர், அங்கே டச்சுக்காரர்கள் கட்டிய பட்டாவியா நகரத்தை நன்றாக அறிந்தவர் என்பதைச் சுட்டிக்காட்டும் ஆய்வாளர்கள் உண்டு. வீட்டின் உள்ளமைப்போ தென்சீனத்திலிருந்து வந்த வணிகர்களும் கொத்தனார்களும் தச்சர்களும் கொண்டுவந்தது. சட்டம் ஐரோப்பியர், வடிவம் சீனர், ஜன்னலின் மரவேலையில் மலாய் கை.

செங்கல், சுண்ணாம்பு... நடுவில் தமிழ்!

ஓலையை விட்டுச் செங்கல்லுக்கு மாறு என்று உத்தரவு போட்டுவிடலாம். செங்கல்லுக்கு எங்கே போவது?

அந்த இடத்தில் வருகிறார் நாராயண பிள்ளை. 1819-ல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு வந்த தமிழர். வந்த கொஞ்ச காலத்திலேயே தஞ்சோங் பாகாரில் செங்கல் சூளை போட்டார். சிங்கப்பூரின் முதல் கட்டட ஒப்பந்ததாரர் என்று வரலாற்றில் குறிப்பிடப்படுபவர் இவர்தான். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இன்றும் இருக்கும் மாரியம்மன் கோயிலை 1827-ல் நிறுவியவரும் இவரே.

அடுத்து, பெயர் தெரியாத பெருங்கூட்டம். 1825 முதல் 1873 வரை இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து தண்டனைக் கைதிகள் சிங்கப்பூரில் வைக்கப்பட்டார்கள். செங்கல் அறுத்தது, சாலை போட்டது, அரசுக் கட்டடங்களை எழுப்பியது அவர்கள்தான். 1862-ல் புனிதப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் உழைப்பு. அதன் உட்சுவருக்குப் பூசியது 'மெட்ராஸ் சுனாம்'. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, வெல்லம் எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசி, கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சுனாம் என்ற ஆங்கிலச் சொல்லே நம்ம சுண்ணாம்புதான்.

கடைவீடுகளுக்கு இவ்வளவு ஆடம்பரப் பூச்சு கிடையாது. ஆனால் அங்கேயும் செங்கல்லுக்கு மேலே சுண்ணாம்புக் காரை, அதற்கு மேலே சுண்ணாம்பு வெள்ளைதான். ஈரம் உள்ளே போனாலும் வெளியே ஆவியாகிவிடும், சுவர் மூச்சு விடும். பிற்காலத்தில் அதன் மேல் சிமென்ட்டையும் பிளாஸ்டிக் பெயின்ட்டையும் பூசிய வீடுகளில் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு சுவர் உப்புப் பூத்து உதிர்ந்தது. இப்போது அவற்றைச் சீரமைப்பவர்கள் திரும்பவும் சுண்ணாம்புக்கே போகிறார்கள். இன்று லிட்டில் இந்தியா எனப்படும் செராங்கூன் ரோடு பகுதிக்கு அந்தக் காலத் தமிழர்கள் வைத்த பெயர் 'சுண்ணாம்புக் கம்பம்'. அங்கே இருந்த காளவாய்களால் வந்த பெயர் அது.

ஃபேன், ஏசி இல்லாமல் எப்படி?

பக்கத்தில் இரண்டு பக்கமும் வீடு. அதனால் பக்கவாட்டில் ஜன்னலே கிடையாது. முன்னும் பின்னும் மட்டும் திறப்பு. நூறடி நீளத்துக்கும் மேல் போகும் வீட்டில் நடுவில் இருப்பவர் மூச்சு விட வேண்டாமா?

அதற்குத்தான் முற்றம். வீட்டின் நடுவே கூரையைத் திறந்து விட்டிருப்பார்கள். அங்கே இதை 'ஏர் வெல்' என்கிறார்கள், காற்றுக்கிணறு. வெளிச்சமும் மழையும் நேராக உள்ளே இறங்கும். சூடான காற்று மேலே போக, அஞ்சடியின் நிழலில் குளிர்ந்த காற்று முன்வாசல் வழியாக உள்ளே இழுக்கப்படும். முற்றத்தைச் சுற்றித்தான் சமையல், குளியல், அரட்டை எல்லாம். பெரிய வீடுகளில் இரண்டு முற்றம்கூட உண்டு. சில வீடுகளில் கூரையின் நடுப்பகுதியை மட்டும் தூக்கி, இன்னொரு குட்டிக் கூரை போட்டு, இடைவெளியில் சூடு வெளியேற வழி செய்திருப்பார்கள்.

முன்வாசலிலும் ஒரு தந்திரம். முழுக் கதவுக்கு வெளியே, இடுப்பளவு உயரத்தில் இன்னொரு அரைக்கதவு. மலாயில் 'பிந்து பாகார்', வேலிக்கதவு. பகலில் பெரிய கதவைத் திறந்துவிட்டு இதை மட்டும் சாத்தினால் காற்று வரும், தெருவில் போகிறவர் கண் உள்ளே வராது. ஜன்னல்களில் சாய்ந்த மரப்பட்டிகள். அதனால் மழைக்காலத்திலும் மூட வேண்டியதில்லை. சுவரின் மேல்பகுதியில் காற்றுத் துளைகள். சில வீடுகளில் அந்தத் துளை வௌவால் வடிவத்தில் இருக்கும். சீனத்தில் வௌவாலுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் உச்சரிப்பு ஒன்று, அதனால் வௌவால் ராசி. நம்ம வீட்டில் வௌவால் நுழைந்தால் நடப்பதே வேறு!

பெரனாக்கன் குடும்பங்களின் வீட்டில் இன்னொன்று பார்க்கலாம். சீன வணிகர்களும் உள்ளூர்ப் பெண்களும் கலந்து உருவான சமூகம் இது. மாடித் தரையில், சரியாக அஞ்சடிக்கு மேலே, சின்னதாக ஒரு மூடி. திறந்தால் கீழே கதவைத் தட்டுவது யார் என்று தெரியும். 19-ம் நூற்றாண்டின் டோர் கேமரா.

முகப்பைப் பார்த்தே வயசு சொல்லலாம்

கடைவீடுகளைச் சிங்கப்பூரின் நகர மறுசீரமைப்பு ஆணையம் முகப்பை வைத்துப் பல ரகங்களாகப் பிரிக்கிறது. பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஜன்னலை எண்ணினாலே பாதி வேலை முடிந்தது.

1840 முதல் 1900 வரையிலான ஆரம்பகால வீடுகள் குட்டையானவை, பெரும்பாலும் இரண்டே மாடி. மேல்மாடியில் ஒன்றோ இரண்டோ ஜன்னல். அலங்காரம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. 1900-களின் தொடக்கத்தில் வீடு உயர்கிறது, கொஞ்சம் நகை போட ஆரம்பிக்கிறது.

பிறகு வருவதுதான் கேலரியில் இருக்கும் வீடு. 1900 முதல் 1940 வரையிலான 'லேட் ஸ்டைல்'. ரப்பரிலும் ஈயத்திலும் பணம் கொட்டிய காலம். மாடியில் மூன்று ஜன்னல், சுவரே தெரியாத அளவுக்கு வேலைப்பாடு. கிரேக்கத் தூண், சுதையில் பூவும் பறவையும், மலாய் மரச் சரிகை, வண்ணப் பீங்கான் பதித்த ஓடுகள். பூ ஓடுகள் இங்கிலாந்து, பெல்ஜியம், ஜப்பான் நாடுகளிலிருந்து கப்பலில் வந்தவை. பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் ஒரு படி மேல் என்று காட்ட, 16 அடிக்குள் என்னென்ன முடியுமோ அத்தனையும். கொஞ்சம் ஓவர்தான், ஆனால் கண்ணை எடுக்க முடியாது.

1930-களில் திடீரென்று எல்லாம் அடங்கிவிடுகிறது. பொருளாதார மந்தமும் கான்கிரீட்டும் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஆர்ட் டெகோ வந்தது. நேர்க்கோடுகள், பூச்சு மட்டும், முகப்பின் உச்சியில் கட்டிய ஆண்டு. இந்த ரகம் 1960 வரை போனது.

அஞ்சடிக்காக நடந்த கலவரம்

உத்தரவில் 'எப்போதும் திறந்திருக்க வேண்டும்' என்று இருந்தது. நடந்தது வேறு. கடைக்காரர்கள் சரக்கை வெளியே வைத்தார்கள். வாடகைக்குக் கடை எடுக்க வசதியில்லாதவர்கள் அஞ்சடியிலேயே கடை போட்டார்கள். நாவிதர், கடிதம் எழுதித் தருபவர், செருப்பு தைப்பவர், வெற்றிலை விற்பவர். இந்திய முஸ்லிம்கள் நடத்திய பெட்டிக்கடைகளுக்குச் சிங்கப்பூரில் 'மாமா ஷாப்' என்று பெயர். நம்ம 'மாமா'தான் அது. அவற்றில் பல பிறந்தது அஞ்சடியில்.

நடக்க இடமில்லை என்று நகராட்சி அதையெல்லாம் அகற்றத் தொடங்கியபோது, 1888 பிப்ரவரியில் கடைகள் அடைக்கப்பட்டன, தெருவில் கலவரம் வெடித்தது. வரலாற்றில் அதன் பெயர் 'வெராண்டா கலவரம்'. இறுதியில் இரண்டு தரப்பும் இறங்கி வர வேண்டியதாயிற்று: ஆட்கள் நடக்க வழி விட்டால் போதும், மிச்சத்தில் சரக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற அளவில் முடிந்தது. செராங்கூன் ரோட்டில் பூக்கடைக்கும் தூணுக்கும் நடுவே ஒருக்களித்துப் போகிறவர்கள் இன்றும் அந்த ஒப்பந்தத்தின்படிதான் போகிறார்கள் எனலாம்.

அழகான முகப்புக்குப் பின்னால்...

இதுவரை சொன்னது கட்டட அழகு. அடுத்தது அதில் வாழ்ந்தவர்கள் பட்ட பாடு.

ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய வீடு அது. துறைமுகம் வளர, ஆட்கள் வந்து குவிய, மாடியைப் பலகைத் தடுப்பு வைத்துத் துண்டு துண்டாக வெட்டினார்கள். ஒரு தடுப்பறைக்குள் ஒரு குடும்பம், அல்லது ஷிஃப்ட் முறையில் தூங்கும் கூலிகள். முன்பக்கத்து அறைக்கு மட்டும் ஜன்னல். நடுவில் இருந்தவர்களுக்குப் பகலும் இரவும் ஒன்று. மூச்சு விடுவதற்காக வைத்த முற்றத்தையும் பலர் மூடி அறையாக்கினார்கள்.

ஆரம்பகால வரிசைகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்டதால் பின்சந்தே கிடையாது. கழிவை வாளியில் எடுத்து வீட்டின் நடுவே, சமையலறையைத் தாண்டி, முன்வாசல் வழியாகத் தூக்கிப் போக வேண்டும். சிங்கப்பூரின் சுகாதார நிலை பற்றி ஆராய அழைக்கப்பட்ட பேராசிரியர் டபிள்யூ. ஜே. சிம்ப்சனின் அறிக்கை 1907-ல் வெளியானது. காச நோய்க்கும் இந்த இருட்டறைகளுக்கும் உள்ள தொடர்பை அது எடுத்துச் சொன்னது. பின்சந்து திறக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் பிறகுதான் வீடுகளின் பின்பகுதி வெட்டப்பட்டுச் சந்துகள் உருவாகின. இன்று இன்ஸ்டாகிராமில் பிரபலமான, பின்சந்துகளில் வரிசையாக நிற்கும் சுழல் படிக்கட்டுகள் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? தீ விபத்தில் தப்புவதற்கும், மாடியிலிருந்து மலவாளியை இறக்குவதற்கும். சிங்கப்பூரில் அந்த வாளி முறை முழுவதுமாக நின்றது 1987-ல்தான். ஆமாம், மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய அதே வருஷம்.

வாடகையைக் காப்பாற்றிய சட்டம், வீட்டை அழித்தது

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வீட்டுக்குக் கடும் தட்டுப்பாடு. வாடகை எகிறாமல் இருக்க 1947-ல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பழைய கட்டடங்களின் வாடகை 1939-ம் ஆண்டு அளவிலேயே நிறுத்தப்பட்டது. குடியிருப்பவரைக் காலி செய்ய வைப்பதும் கிட்டத்தட்ட முடியாத காரியம்.

ஏழைகளுக்கு அது உயிர்காத்த சட்டம். நகரத்தின் மையத்தில், வேலைக்கு நடந்து போகும் தூரத்தில், சொற்ப வாடகைக்கு ஒரு மூலை கிடைத்தது. ஆனால் வீட்டுக்காரருக்கு வருகிற வாடகை ஓடு மாற்றக்கூடக் காணாது. அவர் பராமரிப்பதை நிறுத்தினார். இன்னொரு பக்கம், மொத்தமாக எடுத்த 'தலைமை வாடகைதாரர்' அதையே அறை அறையாகப் பிரித்து அதிக வாடகைக்கு உள்வாடகை விட்டார். சட்டத்தின் லாபம் நடுவில் நின்றவருக்குப் போனது. கரையான் அரித்த உத்தரத்தின் மேல் கூட்டம் மட்டும் கூடிக்கொண்டே போனது.

1960-ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. குழாய்த் தண்ணீர், தனிக் கழிப்பறை, ஜன்னலோடு அடுக்குமாடி வீடுகள். 1966-ல் நில எடுப்புச் சட்டம். கடைவீட்டு வரிசைகள் தெருத் தெருவாக இடிக்கப்பட்டன. இதை இப்போது 'ஐயோ, பாரம்பரியம் போச்சே' என்று பார்ப்பது எளிது. தடுப்பறையிலிருந்து புது ஃபிளாட்டுக்குப் போனவர்களில் பலருக்கு முதன்முதலாகக் கிடைத்தது சொந்தக் குழாயும் தாழ்ப்பாள் போட்ட குளியலறையும்.

அப்படிப் போன தெருக்களில் ஒன்று தமிழர் வரலாற்றில் முக்கியமானது. மார்க்கெட் ஸ்ட்ரீட். நகரத்தார் வட்டிக்கடைகளின் தெரு. அங்கே இருந்த நீளமான வரிசை வீடுகளுக்குப் பெயர் 'கிட்டங்கி'. ஒரே கிட்டங்கிக்குள் பல நிறுவனங்கள். ஒவ்வொன்றுக்கும் தரையில் ஒரு பாய் அளவு இடம், ஒரு கணக்குப் பெட்டி, ஒரு சாய்வு மேசை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லாரும் பகலில் கீழே வேலை பார்த்து, இரவில் மாடியில் படுத்து, சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டார்கள். துறைமுகத்தில் சரக்கு வாங்கும் சிறு வணிகரிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி வரை, வங்கி கடன் தராதவர்கள் படியேறி வந்த இடம் அது. 1970-களில் நிதி மையத்துக்காக அந்தப் பகுதி கையகப்படுத்தப்பட்டது. கிட்டங்கிகள் இடிக்கப்பட்டன. சிலர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் பக்கம் போனார்கள்.

மனசு மாறியது எப்போது?

1983-ல் சிங்கப்பூருக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் எண்ணிக்கை சரிந்தது. உயரக் கட்டடமும் ஷாப்பிங் மாலும் பார்க்க யாரும் இவ்வளவு தூரம் வர மாட்டார்கள் என்பது அரசுக்கு உறைத்தது. எதை இடித்தோமோ அதைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள்!

1987-ல் தஞ்சோங் பாகாரில் சில கடைவீடுகளை அரசே சீரமைத்து, 'இதைச் செய்ய முடியும்' என்று காட்டியது. 1989-ல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், எமரால்ட் ஹில், போட் கீ உட்பட 10 பகுதிகள் பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. வாடகைக் கட்டுப்பாடு கட்டம் கட்டமாகத் தளர்த்தப்பட்டு, 2001-ல் முழுவதும் நீக்கப்பட்டது.

பாதுகாப்பு விதி எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி இல்லை. சைனாடவுன், லிட்டில் இந்தியா போன்ற வரலாற்றுப் பகுதிகளில் கெடுபிடி அதிகம். முகப்பு, பொதுச்சுவர், முற்றம், மரத்தளம், கூரை, ஜன்னல் என்று முழுக் கட்டடத்தின் அமைப்பும் காக்கப்பட வேண்டும். முடிந்தவரை அசலை அப்படியே வைத்திரு, கெட்டுப்போனதை மட்டும் கவனமாகப் பழுது பார் என்பது கொள்கை. ஜூ சியாட், கேலாங், ஜாலான் புசார் போன்ற பகுதிகளில் முன்பகுதியைக் காத்துக்கொண்டு, பின்னால் புதிதாக உயர்த்திக் கட்ட அனுமதி உண்டு. முன்னால் 1920, பின்னால் லிஃப்ட். ஒரே வீட்டில்!

சுவர் தப்பியது... ஆட்கள்?

கட்டடத்தைப் பொறுத்தவரை இது வெற்றிக் கதை என்பதில் சந்தேகமில்லை. மும்பை, கொல்கத்தா, நம்ம சென்னையின் ஜார்ஜ் டவுன் என்று வாடகைக் கட்டுப்பாட்டாலும் பராமரிப்பில்லாமலும் சரிந்துகொண்டிருக்கும் பழைய வீடுகளைப் பார்த்தால், சிங்கப்பூர் செய்தது சாதாரணமில்லை என்று புரியும். ஒரு நகரம் இத்தனை ஆயிரம் சாதாரண வீடுகளை, அரண்மனையோ கோயிலோ அல்லாத வெறும் வீடுகளை, காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் வாடகை சந்தை விலைக்குப் போனதும் சவப்பெட்டி செய்பவர், பாய் முடைபவர், மூலிகைக் கடைக்காரர், மளிகைக்காரர் எல்லாரும் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அந்த இடத்துக்கு மதுக்கூடமும் விளம்பர நிறுவனமும் பூட்டிக் ஹோட்டலும் வந்தன. பாதுகாப்புப் பட்டியலில் ஓடு இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, படிக்கட்டுகூட இருக்கிறது. அதற்குள் நடந்த தொழிலைப் பட்டியலில் சேர்க்க வழியில்லை. இன்று ஒரு கடைவீட்டின் விலை பல மில்லியன் சிங்கப்பூர் டாலர். வணிகப் பயன்பாட்டுக்கான கடைவீடுகளை வெளிநாட்டவரும் வாங்கலாம் என்பதால் உலகப் பணக்காரர்களின் முதலீட்டுப் பொருளாகவும் அது ஆகிவிட்டது. தடுப்பறையில் பிறந்து வளர்ந்தவரின் பேரப்பிள்ளைக்கு அந்த மாடியில் ஒரு காபி குடிப்பதே செலவுதான்.

லிட்டில் இந்தியா இதில் பாதி விதிவிலக்கு. காய்கறி, பூ, புடவை, நகை, சாப்பாடு என்று அங்கே கடைவீடு இன்னும் கடையாகவே இருக்கிறது. 1947-ல் தொடங்கிய கோமளவிலாஸ் செராங்கூன் ரோட்டுக் கடைவீட்டில் இன்னும் தோசை போடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை அஞ்சடியில் நிற்க இடம் இருக்காது. தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த கட்டுமானத் தொழிலாளர்கள் சந்தித்துக்கொள்ளும் நாள் அது. ஆனால் அவர்கள் தூங்குவது அந்த மாடியில் இல்லை, பெரும்பாலும் நகரத்தின் ஓரத்தில் உள்ள தங்கும் விடுதிகளில்.

நேர்ல போனா எங்கே பார்க்கலாம்?

உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் நீல் ரோடு 157-ம் எண்ணில் இருக்கும் நீல நிற 'பாபா ஹவுஸ்' சரியான இடம். 1890-களில் கட்டிய பெரனாக்கன் வீடு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் பராமரிக்கிறது. முற்றம், அரைக்கதவு, மாடித் தரையின் எட்டிப்பார்க்கும் மூடி எல்லாம் அங்கே உண்டு. முன்பதிவு அவசியம். தடுப்பறை வாழ்க்கையைப் பார்க்க, மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவான பகோடா ஸ்ட்ரீட்டில், கடைவீடுகளுக்குள்ளேயே அமைந்த சைனாடவுன் ஹெரிடேஜ் சென்டர் இருக்கிறது. முகப்பு அழகுக்கு எமரால்ட் ஹில், கூன் செங் ரோடு. ஆனால் கூன் செங்கில் இருப்பவை மக்கள் குடியிருக்கும் வீடுகள், அரைக்கதவைத் தள்ளிப் பார்க்காதீர்கள். தேக்கா மார்க்கெட்டிலிருந்து நடந்தால் கேம்பல் லேன், டன்லப் ஸ்ட்ரீட் இரண்டிலும் எல்லா ரக முகப்பும் கலந்து கிடைக்கும். நிமிர்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மார்க்கெட் ஸ்ட்ரீட்டும் இருக்கிறது, ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். அங்கே 88-ம் எண்ணில் இப்போது 280 மீட்டர் உயர கேபிடாஸ்பிரிங் கோபுரம். கிட்டங்கி ஒன்றுகூட இல்லை.